முகத்துவாரக் கரையில் முப்பத்தொரு படங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரத்துக்குப் போய்வந்தேன். களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு துண்டு மணற்கரை மிச்சமிருக்கிறது. அங்கே வீதியும் விடுதியும் வரப்போவதாகக் காரியாலயத்தில் பேச்சு. இந்தத் தீவின் கரைகளில் பாதிக்கு என்னைப் போன்றவர்கள் யுத்தத்தால் இப்போது போக முடியாது. போகக்கூடியவற்றையாவது சீமெந்து விழுமுன் படமெடுத்து வைப்போம் என்று ஒரு வருடமாகத் திரிகிறேன்.

செவ்வாயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சைவக்காரரும் போவார்கள். சோதனைச்சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டால் "கோயிலுக்கு" என்பது எல்லோருக்கும் தெரிந்த, எவரும் மறுக்காத பதில்.

காலை 6.50க்கு 155ஆம் இலக்க பஸ். கட்டணம் 24 ரூபாய். மருதானையில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டையும், கொழும்பில் தங்கும் தமிழரிடம் கேட்கும் பொலிஸ் பதிவுப் பத்திரமும் பார்த்தார்கள். இருபது நிமிடம் போயிற்று. என் பழைய பிலிம் கமரா துவாய்க்குள், அதன் மேல் ஒரு கட்டு மெழுகுதிரி. பையைத் திறந்த பெண் பொலிஸ் மெழுகுதிரியோடு நிறுத்திக்கொண்டார். 8.15க்குக் கொச்சிக்கடை. சொன்னது முழுப் பொய்யாகிவிடக் கூடாதென்று ஒரு திரியை ஏற்றிவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து கரைக்கு மூன்று கிலோமீற்றர். ஆட்டோவுக்கு 120 ரூபாய். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அங்க காகம்தானே இருக்கு, வேற என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். காகத்தைத்தான் என்றேன்.

காகம் இருந்தது உண்மை. அதோடு மணலை மூடிய அடம்பன் கொடி, கரையேற்றிய தோணிகள், ஆற்றின் மண்ணிறமும் கடலின் பச்சையும் கலக்காமல் நெடுந்தூரம் ஓடும் ஒரு கோடு. கொடிகளுக்கிடையே சிவப்பு எண்கள் எழுதிய சீமெந்துக் கட்டைகளையும் கண்டேன். நில அளவைக்காரர் எனக்கு முன்னரே வந்து போயிருக்கிறார்கள். பத்து மணிக்குள் முப்பத்தொரு படம் எடுத்தேன். சுருளில் ஐந்து மீதி.

அப்போதுதான் கரையோர இராணுவக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி வந்தான். என் வயதுதான் இருக்கும். என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். பழக்கதோஷத்தில் கோயிலுக்கு வந்தேன் என்றேன். அவன் திரும்பித் தெற்கே கையைக் காட்டினான். கோயில் அந்தப் பக்கம், மூன்று கிலோமீற்றர். மருதானையில் என்னைக் காப்பாற்றிய பதில் இங்கே என்னைப் பொய்க்காரியாக்கியது. பிறகு சொன்ன உண்மையை அவன் நம்பவில்லை. இந்தக் கரையில் படமெடுக்க என்ன இருக்கிறது என்றான்.

கமராவை வாங்கி, பின்மூடியின் கொளுக்கியில் விரலை வைத்தான். திறந்தால் வெளிச்சம் பட்டு முப்பத்தொன்றும் அழிந்துவிடும். அதன் பிறகு பொலிஸ் நிலையம். அங்கே என் தமிழ்ப் பெயரையும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எடுத்த படங்களையும் சேர்த்து எப்படி வாசிப்பார்கள் என்று யோசிக்கவே பயமாயிருந்தது.

பக்கத்தில் பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், மேரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிப்பாயிடம் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார்: தம்பி, பாஸுக்குப் படம் கொண்டுவா என்று ஒரு கிழமையாக நீதானே உயிரை எடுக்கிறாய், அதற்குத்தான் இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன், இப்போது அதைத் திறந்து பாழாக்கப் போகிறாயா? பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "தங்கச்சி, ஏன் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வந்த வேலையப் பாருங்க."

படம் ஒட்டிய பாஸ் இல்லாமல் மீனவர்களைக் கடலுக்குப் போக விடுவதில்லை. இரண்டு தோணிகளும் ஒன்பது நாளாகக் கரையில் கிடந்தன. ஆட்கள் ஐந்து பேர். "ஸ்டூடியோவுக்குப் போங்கன்னா, நல்ல சேட் இல்லையாம், வெக்கமாம்" என்றார் மேரி அக்கா.

சிப்பாய் கமராவைத் திருப்பித் தந்தான். தன் முன்னாலேயே எடுக்கவேண்டும் என்றான். பின்னணிக்குத் தோணியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தோம். மேரி அக்காவின் கணவரிடம் மட்டும் ஒரு நீலச் சேட் இருந்தது. அவர் கழற்ற அடுத்தவர் போட, ஒரே சேட்டில் ஐந்து பேர் நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பொத்தான் பூட்டவில்லை. "மூச்ச உள்ள இழு அண்ணே, பாஸ் வயித்துக்கில்ல, முகத்துக்கு" என்றார் மேரி அக்கா. காது தெரியவேண்டும், நேராகப் பார் என்று அதட்டிக்கொண்டிருந்த சிப்பாயும் சிரித்துவிட்டான்.

இனி அந்த மூடியைத் திறந்தால் அவன் கேட்ட முகங்களும் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் படம் வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டான். பொய்யை எனக்காகச் சொன்னவர் மேரி அக்கா. மூன்று நாளில் அதை உண்மையாக்குவது என் பொறுப்பானது.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோனபோது, சிப்பாய் ஐந்து நீலச் சேட்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு மற்றவற்றையும் கேட்டான். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றில் நிறுத்தி, இது எந்த ஊர் என்று கேட்டான். அவனுடைய காவலரண் வாசலிலிருந்து தெரியும் கரைதான் அது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்கு முன் போங்கள், அப்போதுதான் ஆறும் கடலும் இரண்டு நிறமாகத் தெரியும். அடையாள அட்டையும் பதிவுப் பத்திரமும் கையில் இருக்கட்டும். கமராவைத் துறைமுகப் பக்கம் திருப்பவே வேண்டாம். கரையில் யாருடனாவது முதலில் கதைத்துவிட்டுப் படமெடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. தாமதிக்கவும் வேண்டாம், கட்டைகள் நட்டாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை புறப்படும்போது மேரி அக்கா தான் குடியிருக்கும் தோட்டத்தின் இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். "இனிமே யாரு கேட்டாலும் மேரி வீட்டுக்குன்னு சொல்லுங்க. நான் இல்லன்னு சொல்லமாட்டேன்." திரும்பும் வழியில் மருதானையில் இறக்கினார்கள். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டபோது அப்படியே சொன்னேன். கொழும்புக்கு வந்த இத்தனை வருடத்தில், பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்க்காமல் நான் சொன்ன முதல் பதில் அது.