வரவேற்பறையில் கேட்ட பட்டப்பெயர்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அது எப்படியோ அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெயர் வைப்பவளே அவள்தான். எந்நேரமும் இருமிக்கொண்டிருக்கும் மேலாளர், 'பழைய ஸ்கூட்டர்'. கொள்முதல் பிரிவில் பேசும்போது திக்குகிற மூத்தவர், 'தந்தி'. "கட்டுக்கட கட்டுக்கடன்னு விட்டு விட்டுத்தானே செய்தி வருது!" என்று அவள் சொன்னபோது அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வாசலில் ஒரு பேசும் இயந்திரம் வைப்பதென்று முடிவானதும், அதற்கு நிரல் எழுதும் வேலை வாயாடியிடம் வந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது, கழிப்பறை எந்தப் பக்கம், யாருடைய அறை எந்த மாடி என்று கேள்வியும் பதிலுமாக எழுதிச் சேர்த்தாள். வெள்ளோட்டம் பார்த்த நாட்களில், தோழிகளைச் சிரிக்கவைக்க ஆளுக்கொரு குறும்புப் பதிலும் போட்டுவைத்தாள். வாசலுக்குக் கொண்டுபோகும் முன் அவற்றையெல்லாம் அழித்தாள். ஒன்று மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது.

ஒரு நாள் காலை காவலாளி போனில் கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் சீக்கிரம் கீழ வாங்க. மெஷின் என்னென்னமோ பேசுது."

கணவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஓர் அம்மா வந்திருக்கிறார். இயந்திரத்தின் முன்னால் நின்று கணவர் பெயரைச் சொல்லி எந்த அறை என்று கேட்டிருக்கிறார். அது தேன் குரலில் சொல்லியிருக்கிறது: "தந்தியையா கேக்குறீங்க? இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் அறை. அவசரப்படாதீங்க, செய்தி விட்டு விட்டுத்தான் வரும்."

கூரியர்காரர் களுக்கென்று சிரித்திருக்கிறார். காத்திருந்த இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்திருக்கிறது. விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாராம்.

வாயாடி இயந்திரத்தை அணைத்தபோது மேலாளரும் வந்து சேர்ந்தார். "மெஷின் கோளாறுங்க, மன்னிச்சுக்குங்க" என்று இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள்.

முகம் கொதித்தது. கழுவிக்கொள்ளலாம் என்று மாடிக் கழிப்பறைக்குப் போனாள். குழாயடியில் அந்த அம்மா கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் வேலை பாக்குறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"மெஷின் கோளாறுன்னு காவலாளி வந்து சொல்லிட்டுப் போறாரு. இவரு திக்குறது மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்? எவனோ உக்காந்து எழுதியிருக்கான். நீங்களே சொல்லுங்க, இது நல்லாவா இருக்கு?"

வாயாடி 'ஆமாம், தப்புதான்' என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். எவனோ என்று சொல்லி அந்த அம்மாவே வழி விட்டிருந்தார்.

"எவனோ இல்லங்க. நான்தான் எழுதினேன்."

அந்த அம்மா குழாயை மூடினார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த வாயாடிப் பொண்ணா? உன்னப் பத்தி வீட்டுல நெறைய சொல்லுவாரும்மா. நீ இருந்தா ஆபீஸே கலகலன்னு இருக்குமாம்."

அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கொள்முதல் அறைக்குப் போய் நின்றாள். அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. அந்தப் பேரு..."

"தெ... தெரியும்மா. ரொ... ரொம்ப நாளாத் தெரியும்."

"ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"ஆ... ஆபீஸ்ல சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வீ... வீட்டுக்குள்ள வரும்னு நெனைக்கல."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருக்கும் அவள் போனால் போதும் என்றிருந்தது போலும்; ஒரு தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

அந்தப் பதிலை அன்றே அழித்தாள். எழுதியது தான்தான் என்று மேலாளரிடமும் சொன்னாள். அவர் இருமிவிட்டு, "சரி, இனிமே பாத்துக்க" என்றதோடு விட்டுவிட்டார். யாருக்கும் பெயர் வைப்பதையும் அவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் வைத்த பெயர் நிற்கவில்லை. தோழிகள் 'தந்தி' என்றால் அதட்டுவாள். "அடடா, நீ வச்ச பேருதானேடி!" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

சில மாதம் கழித்து, புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி அவள் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, தந்தி சார் கையெழுத்துப் போடணும். எங்க உக்காருவாரு?"

வாயாடி அவருடைய பெயரைச் சொன்னாள்.

"அப்போ தந்திங்கிறது அவரு பேரு இல்லையா?" என்று அந்தப் பெண் வெள்ளந்தியாய்க் கேட்டாள். "யாருக்கா அப்படி வச்சது?"