றெக்கைக்காரி பொய் சொல்ல மாட்டாள்

அண்ணா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு டேப் ரெக்கார்டராவது இருக்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவை மெல்லிய இரண்டு புத்தகங்கள், அப்புறம் கொய்யாக்காயைச் சுற்றிச் சுற்றிச் சீவினாற்போலப் பல முகங்கள் கொண்ட பகடைகள். அவ்வளவுதான்.

"இத்த வாங்கறதுக்கா அம்மாந்தூரம் போய்ப் படிச்சிக்கினு இருக்கறே?" என்றாள் அம்மா.

எண்பதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை அது. நான் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு. நைனா அந்தப் பள்ளியின் ஹெட்மாஸ்டர். சட்டைப் பையில் எந்நேரமும் பள்ளிக்கூடச் சாவிக்கொத்து குலுங்கும். அவர் வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும்.

எனக்கு அந்த வருஷம் கேக் கூட இறங்கவில்லை. காரணம் வேலூர்க்காரர்கள். டிசம்பர் தொடக்கத்தில் வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர், பாங்கில் வேலை, சபையில் நன்றாகப் பாடுவாராம். அதுதான் தொல்லை. குடிகாரராக இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவருடைய அம்மா எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே, "டிகிரி முடிச்சா போதும். அதுக்கு மேல படிச்சு இன்னா பண்ணப்போறா?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. அவர்கள் போன பிறகு நைனா கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "பாப்பா, உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். "உங்க இஷ்டம் நைனா" என்றேன். எங்கள் சபைப் பெண்பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் பதில் அது. என் வாயை நானே தைத்துக்கொண்டாற்போல இருந்தது. புது வருஷம் பிறந்ததும் உறுதி செய்ய வருகிறார்கள் என்று முடிவாகிவிட்டது.

எனக்கு இதில் இஷ்டமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் என் அறைத்தோழி. திருப்பதிக்காரி, தெலுங்கு வீட்டுப் பெண். ஹாஸ்டலில் என்னோடு இருந்து தமிழையும் ஒரு கை பார்த்திருந்தாள். கிறிஸ்துமஸ் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் நானும் அம்மாவும் பண்டிகைக்கு மறுநாள் மத்தியானம் மீந்த அதிரசத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணா அந்தப் பெட்டியை மறுபடி எடுத்தான்.

ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது என்றான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்ன காரியம் நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்வது அவன். என்னென்ன பாத்திரம் எடுக்கலாம் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. கடைசியில் ஃபேரி என்று ஒன்று வந்தது. விரல் அளவு உருவம், முதுகில் இறக்கை. "தேவதைன்னு வச்சிக்கோங்களேன்" என்றான்.

நாற்காலியில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

"தேவதையா? நம்ம வூட்லயா?" என்றார் நைனா.

எங்கள் சபைத் தமிழில் தேவதூதன் வேறு, தேவதை வேறு. முன்னவர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெள்ளை அங்கி போட்டு வருவார். பின்னது பிரசங்கத்தில் திட்டு வாங்க மட்டும் வரும். என் தோழி உதவி செய்வதாக நினைத்து வாயைத் திறந்தாள். "தேவத அண்டே தேவுடே கதா சார்!" தெலுங்கில் தேவத என்றால் சாமியேதான். எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு கட்டையைச் செருகிவிட்டாள்.

நைனாவுக்கு ஒரு சொல் தப்பாக இருந்தால் சோறு இறங்காது. பேப்பரை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "வானத்துலேர்ந்து வந்தா தூதன். கோயில்ல இருந்தா தேவதை. இது ரெண்டும் இல்லன்னா இதுக்கு இன்னாதான் பேரு?"

"றெக்கை இருக்குதில்ல? றெக்கைக்காரின்னு வையுங்க. மோர்க்காரி, கீரைக்காரின்னு சொல்றதில்லயா?" என்றாள் அம்மா. அதிரசத்திலிருந்து அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை. பெயர் நின்றுவிட்டது.

ஆனாலும் நைனா நகரவில்லை. இல்லாத ஒருத்தியை நான் என்று சொல்வது பொய் இல்லையா என்று கேட்டார். இந்த முறை என் தோழி சரியாகப் பேசினாள்.

"பொய்யில்ல சார், வேஷம். எங்க ஊரு கங்கம்மா ஜாத்தரைல ஜனங்க தினம் ஒரு வேஷம் கட்டுவாங்க. வேஷத்துல வந்து யாரைத் திட்டினாலும் அவங்க கோபப்படக் கூடாது. எங்க நானா, அதான் எங்கப்பா, அவரையே பக்கத்து வீட்டுக்காரன் தெருவுல நிக்க வச்சுத் திட்டினான். நானா நவ்வுதா நவ்வுதா மோர் குடுத்தாரு."

"சிரிச்சிக்கினேவா?" என்றார் நைனா.

"சிரிச்சிக்கினேதான் சார். வேஷம் கலைச்ச அப்புறம் அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது ரூலு."

நைனாவுக்கு ரூல் என்றால் உயிர். கொஞ்ச நேரம் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். "நல்ல சட்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்துவிட்டார். எங்களோடு தரையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் அண்ணாவைப் பார்த்தேன், அண்ணா என்னைப் பார்த்தான், இருவரும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டோம்.

பூசாரியாக மாட்டேன், மந்திரவாதியாகவே மாட்டேன், திருடனா, சே என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நைனா போர்வீரனானார். ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரத்துக்கு முன்கதை சொல்ல வேண்டும் என்றான் அண்ணா. எங்கே பிறந்தான், எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினான் என்பதெல்லாம். நைனாவின் வீரன் ஓய்வுபெற்ற சுபேதார். சண்டையில் புலி, ஆனால் நாய் என்றால் நடுக்கம். என் தோழியின் மந்திரவாதி இன்டர் பரீட்சையில் ஓயாமல் தோற்றவன், மந்திரம் பாதிதான் ஞாபகம் வரும். மாதர் சங்கத்துக் காரியதரிசியான என் அம்மா ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் திருடியானாள்.

"ஏர்பேடு பக்கம் ரயில்ல வேர்க்கடலை வித்துக்கினு இருந்தவ. ஒருநாள் டி.டி.ஆர். கூடையப் புடுங்கி வெளிய கடாசிட்டாரு. அன்னிலேர்ந்து திருடி."

"அந்த ராஜ்யத்துல ரயிலே கிடையாதும்மா" என்றான் அண்ணா.

"அப்ப ஒண்ணு வுடு."

விட்டான். எங்கள் மந்திர ராஜ்யத்தில் டிராகனும் உண்டு, கூடூர் பாசஞ்சரும் உண்டு.

றெக்கைக்காரியை எடுத்தது நான். புத்தகத்தில் அவளுக்குப் பல வகைகள் இருந்தன. தண்ணீரில் வாழ்பவள், பனியில் வாழ்பவள், அடுப்படியில் வாழ்பவள். காளான் குடைக்குள் குடியிருப்பவள் என்று ஒரு படமும் இருந்தது. "காளானத் துன்றதா, குடியிருக்கறதா?" என்று அம்மா அதை ஒதுக்கினாள். சித்தூரில் பிறந்த றெக்கைக்காரிக்கு வீடு தேடி அலைய வேண்டியதில்லை. கங்காதர நெல்லூர் தோப்பு ஒன்றில், மாம்பூங்கொத்துக்குள் குடிவைத்தேன். பூப் பூக்கும்போது பிறந்தவள், ஒவ்வொரு பூவும் எப்படிக் காயாகிறது என்று அறிந்துகொள்ளும் ஆசையில் பறக்கக் கற்றவள். சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

அவளுக்குப் பலவீனங்களும் உண்டு, எடுத்துக்கொண்டால் இன்னும் உயரப் பறக்கலாம் என்றான் அண்ணா. இரும்பு ஆகாது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அவள் வரவே மாட்டாள். இன்னொன்று, அவளால் பொய் சொல்ல முடியாது. உயரப் பறக்கும் ஆசையில் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் மத்தியானங்கள் திருவிழாவாகிவிட்டன. சாப்பாடு முடிந்ததும் நைனாவே பாயை விரித்தார். சுபேதார் என்னோடு பேச வேண்டுமானால் வாளைத் தள்ளி வைக்க வேண்டும். வாளுக்குப் பதில் நைனா நிஜச் சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைப்பார். "இரும்ப வச்சாச்சு, வா பாப்பா" என்பார். திருடி எங்கள் எல்லோர் பொருளையும் திருடினாள். சுபேதாரின் செருப்பைக் கூட விடவில்லை. நாய் குரைக்கும் குகைக்குள் சுபேதார் வெறுங்காலோடு ஓடியபோது, அந்தக் குரைப்பை என் தோழி போட்ட விதத்தில் பக்கத்து வீட்டு நிஜ நாய் பதில் குரல் கொடுத்தது. நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மனிதருக்குள் இவ்வளவு சிரிப்பு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று கோபமாகவும் இருந்தது.

ஒருநாள் காலையில் அண்ணாவும் என் தோழியும் கிணற்றடியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அன்று மத்தியானம் கதை வேறு பக்கம் திரும்பியது. மலைக்கு அப்பால் இருக்கும் காட்டு ராஜா ஆள் அனுப்பியிருக்கிறார் என்றான் அண்ணா. றெக்கைக்காரியைத் தன் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறார். ராஜா நல்லவர், தோட்டமும் அழகு, ஒரே ஒரு விஷயம், தோட்டத்துக்கு மேலே கூரை உண்டு. அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுபேதாரின் வேலை.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா இன்னா குடுப்பாராம்?" என்றாள் திருடி. யாரும் சிரிக்கவில்லை.

நைனா எழுந்தார். சாவிக்கொத்தை ஜன்னல் திட்டில் வைத்தார். திரும்பி வந்து, பழையபடி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் பகடையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சுபேதார் கேக்கறாரு. அந்தத் தோட்டத்துக்குப் போக றெக்கைக்காரிக்கு இஷ்டமா?"

"உங்க இஷ்டம்" என்றேன். தானாக வந்துவிட்டது.

"என் இஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார் நைனா. "அவ இஷ்டத்தத்தான் கேட்டேன்."

அண்ணா மெதுவாக, "றெக்கைக்காரியால பொய் சொல்ல முடியாது, ஞாபகம் இருக்கட்டும்" என்றான்.

பயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் நானில்லை, மாம்பூவிலிருந்து வந்த விரலளவுப் பெண் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"இல்ல" என்றேன். "இஷ்டமில்ல. ராஜா நல்லவருதான். ஆனா கூரைக்குக் கீழ இன்னாத்தப் பறக்கறது? நான் இன்னும் எம்.எஸ்சி. படிக்கணும்."

றெக்கைக்காரிக்கு எதற்கு எம்.எஸ்சி. என்று யாரும் கேட்கவில்லை. என் தோழி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நைனா தலையை ஆட்டினார்.

"அப்படின்னா சுபேதார் போய் ராஜாகிட்ட சொல்லணும். ராஜா கோவிச்சிக்காம ஒத்துக்கணும்னா எவ்வளவு விழணும்?"

"பதினஞ்சுக்கு மேல" என்றான் அண்ணா.

இருபது முகப் பகடையை நைனா உள்ளங்கையில் குலுக்கி உருட்டினார். அது பாயைத் தாண்டி ஓடி, அதிரசத் தட்டில் மோதி நின்றது. நான்கு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அம்மாவின் கை நீண்டது. பகடையை எடுத்தாள், முந்தானையில் ஒரு தரம் துடைத்தாள், இருபது மேலே தெரியும்படி திரும்ப வைத்தாள்.

"அம்மா, இது அநியாயம்" என்றான் அண்ணா.

"நான் திருடிதானே? நாலத் திருடிட்டேன்" என்றாள் அம்மா.

முதலில் வெடித்துச் சிரித்தது நைனா. பிறகு நாங்கள் எல்லோரும். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே அதிரசம் தின்றேன். அந்தக் கிறிஸ்துமஸில் எனக்கு முதன்முதலாகப் பலகாரம் இனித்தது அன்றைக்குத்தான்.

பாயைச் சுருட்டிய பிறகு யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேஷம் கலைந்துவிட்டதே. பேசக் கூடாது என்கிற அந்தப் பாதி ரூல் எந்த ஜாத்தரையிலும் இல்லை, அந்த நிமிஷம் தானே இட்டுக்கட்டியது என்று என் தோழி வெகுநாள் கழித்து ஒப்புக்கொண்டாள். அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். விடுமுறையில் என்ன பள்ளிக்கூட வேலை என்று அம்மா கேட்கவில்லை. குடிபாலா வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் அவர் ஏறியதைக் கடைத்தெருவுக்குப் போன அண்ணா பார்த்துவிட்டு வந்தான். அன்று ஆட்டம் நடக்கவில்லை. சுபேதார் இல்லாமல் எப்படி நடக்கும்?

பொழுது சாயும் வேளையில் அவர் திரும்பி வந்தார். நான் வாசலில் நட்சத்திர விளக்கின் கிழிந்த காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். சட்டை கசங்கி, முகமெல்லாம் தூசி. களைத்திருந்தார், ஆனால் கோபம் இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய்ச் சாவிக்கொத்தைத் திட்டில் வைத்தார்.

"பாப்பா" என்றார். "அந்த றெக்கைக்காரியப் பார்த்தா சொல்லிடு. ராஜா வீட்லேர்ந்து யாரும் வரமாட்டாங்கோ."

"சொல்றேன் நைனா."

உள்ளே போகத் திரும்பியவர் வாசற்படியில் நின்றார்.

"அப்பால, எம்.எஸ்சி.க்கு எப்போ அப்ளிகேஷன் போடணும்னும் அவளக் கேட்டுச் சொல்லு."