கிராம் கிராமாய் மெலிந்த சீற்

சூட்கேஸ் இருபத்து நான்கு கிலோ. அனுமதி இருபத்து மூன்று. கொழும்புக்குப் போகும் நீங்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்... ஜூலை வெக்கையில் இரண்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பொக்கற் நிறைய சொக்லேட்டைத் திணித்தேன். விமானத்தில் ஏறியது அதே எடைதான். தராசுக்குத் திருப்தி.

இந்த வீரக்கதையைப் போன ஞாயிறு, ஜெர்மனியின் ஹம் நகரில் தர்சினி வீட்டு மதியச் சாப்பாட்டில் அவிழ்த்துவிட்டேன். தர்சினி விமான இருக்கை வடிவமைக்கும் எஞ்சினியர். புருஷன் றமேஷ் பைலட். இருவரும் சிரிக்கவில்லை.

"எங்கட பிளேனும் உங்கட சூட்கேஸ் மாதிரித்தான் அண்ணை," என்றாள் தர்சினி. "புது எஞ்சின் எண்ணெய் குறையத்தான் குடிக்கும். ஆனா பாரம் கூட. அமெரிக்காவில எடை எல்லையைத் தாண்டிட்டுது."

வானத்துக்கு ஏது எல்லை? அந்த நாட்டுப் பைலட்டுகளின் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம் — ஜெர்மனில் ஃபெர்ட்றாக் என்பான் றமேஷ். பெரிய கம்பெனி தன் குறுந்தூரப் பறப்புகளைச் சின்னக் கம்பெனியிடம் கொடுக்கலாம். ஆனால் அந்த விமானம் இவ்வளவு இருக்கை, இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது.

"அது இல்லாட்டி எல்லாப் பிளேனையும் குறைஞ்ச சம்பளக்காரரிட்டக் குடுத்துப்போடுவாங்கள்," என்றான் றமேஷ். "எங்கட சங்கமும் அதைத்தான் கேக்குது. பிறகு நான் வீட்டில இருந்து வடை சுடுறதோ?"

நியாயம்தான். ஆனால் தர்சினியின் பாடு? எடை இறங்காவிட்டால் அவளுடைய குழுவையே கலைத்துவிடுவார்கள். ஒரு வருஷமாக நுரை, திருகாணி, கைப்பிடி என்று இருக்கையைக் கிராம் கிராமாகச் சுரண்டினாள். வெள்ளிக்கிழமை கம்பெனியில் முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"எடை இறங்கிட்டுது. குழுவும் தப்பிட்டுது."

"பிறகென்ன? உன்ர சீற்றாலதானே..."

"என்ர சீற்றைக் கழட்டிப்போட்டினம் அண்ணை. பின்வரிசை முழுக்க. அந்த இடத்தில பெட்டி வைக்கிற அலுமாரி வருது. அதையும் நான்தான் வரையவேணுமாம்."

எண்ணெய் மிச்சம் பிடிக்கும் எஞ்சினை வாங்கிவிட்டு, அதைச் சுமப்பதற்காக ஆட்களை இறக்கிவிடுகிறார்கள்... இதற்குப் பெயர் சிக்கனமா?

றமேஷ் மெதுவாகத் தட்டை நீட்டினான். "இன்னொரு வடை..."

தர்சினி பாத்திரத்தை மூடினாள். "ஏலாது. ஃபெர்ட்றாக்கில இல்லை."

எனக்கு மட்டும் இரண்டு வைத்தாள். ஒன்றை மேசைக்குக் கீழால் றமேஷிடம் தள்ளிவிட்டேன் — சூட்கேஸ் கட்டிய அனுபவம் சும்மாவா?