நெல்லையப்பன் போட்ட மைனஸ் ஒன்று

சென்ற மாதம் நம் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் வந்த ஒரு கடிதத்தின் தலைப்பில் 'நெல்லையப்பன்' என்று மட்டும் இருந்தது. மனிதர் மறுபடியும் யாரோடோ சண்டையைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து, அலுவலக வேலை முடியட்டும் என்று மதியம்வரை திறக்கவில்லை. திறந்தபோது எழுதியிருந்தவர் அவருடைய மகள். காலையில் மாரடைப்பு, ஜனக்புரி வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணினிப் பிரிவில் அதிகாரி அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் முனிர்காவின் மாடி அறையில் நம்மோடு உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய இலவச மென்பொருள் எழுதினார். வடக்கத்தி இளைஞர்களுக்கு அவர் 'அப்பன்ஜி'. "அப்பனுக்கே ஜி போடுதானுவ, மரியாதை தெரிஞ்ச பிள்ளைய" என்று என்னிடம் தமிழில் சொல்வார். அவர்களைத் திருத்தியதில்லை.

எங்கள் பகை ஊரறிந்தது. சிறிய மருத்துவமனைகளுக்காக நாம் எழுதிய மென்பொருள், ஓடும்போது தான் செய்வதையெல்லாம் வரிவரியாக 'லாக்' என்ற பதிவேட்டில் எழுதிவைக்கும். பழுது வந்தால் அந்த வரிகளைப் படித்துத்தான் காரணம் தேட வேண்டும். அவற்றை எழுதும் கருவியாக அவர் 'சாட்சி'யை உருவாக்கியிருந்தார். அதன் வரிகள் எனக்குப் பிடிபடாததால், யாரும் கேட்காமலேயே நான் 'தடம்' என்று இன்னொன்றை எழுதினேன்.

"ஓடுத வண்டிக்கு எதுக்கு மேடம் ரெண்டாவது டிரைவர்?"

"எங்க ஓடுதுன்னு தெரியலையே சார், அதுக்குத்தான்."

பட்டியலில் ஆங்கிலத்தில் மோதினோம், நேரில் தமிழில். குழு இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் ஒன்றுதான் நிலைக்கும். மற்றவரின் சில வருட மாலைநேரங்கள் வீணாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

மென்பொருளின் பாதி சாட்சியையும் பாதி தடத்தையும் பயன்படுத்தியது. புதிய பதிப்பு ஒன்றின் வெளியீட்டுக்கு முன்னால், சமாதானமாக இருக்கட்டும் என்று, தடத்துக்கு வரும் வரிகளைச் சாட்சிக்கு அனுப்பும் இணைப்பொன்றை எழுதிச் சேர்த்தேன். அவரும் அதே எண்ணத்தில், யாரிடமும் சொல்லாமல், சாட்சிக்கு வருவதைத் தடத்துக்கு அனுப்பும் இணைப்பை எழுதியிருந்தார். இரண்டும் ஒரே வெளியீட்டில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலை ஒரு தர்ம மருத்துவமனையில் முதல் நோயாளியின் பெயரைப் பதிந்தார்கள். அந்த ஒரு வரி என் கருவியிலிருந்து அவருடையதற்கும், அங்கிருந்து என்னுடையதற்கும் ஓயாமல் சுற்றியது. ஒவ்வொரு சுற்றும் கணினியின் சேமிப்பு வட்டில் எழுதப்பட்டு வட்டு நிரம்பியது. பதிவு கவுண்டர் நின்றது. நோயாளிகள் வரிசையில் வெயிலில் நின்றார்கள்.

"பஹலே ஆப், பஹலே ஆப்" என்று இளைஞன் ஒருவன் கைகட்டிக் குனிந்து காட்டினான். 'முதலில் நீங்கள் ஏறுங்கள்' என்று மாறிமாறி உபசரித்து ரயிலைத் தவறவிட்ட லக்னோ நவாபுகளின் கதை அது. அறையே சிரித்தது. நெல்லையப்பன் சிரிக்கவில்லை. "சண்டையை ஊரறியப் போட்டோம். சமாதானத்தை மட்டும் ரகசியமாப் பண்ணினோம். அதாம்லா தப்பு" என்றார்.

ஒரு கருவி போக வேண்டும் என்றானது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சம்மதம் என்றால் பிளஸ் ஒன்று, மறுப்பு என்றால் மைனஸ் ஒன்று. காரணம் சொல்லாத மறுப்பு செல்லாது. சரியான காரணத்தோடு ஒரே ஒரு மறுப்பு வந்தாலும் முடிவு நின்றுபோகும். சாட்சியே இருக்கட்டும் என்று தீர்மானம் வந்தது. அது மூத்தது, ஆதரவாளர்களும் அதிகம். பிளஸ் ஒன்றுகள் சேர்ந்துகொண்டே போயின. என்னிடம் இருந்தது வருத்தம்தானே தவிர காரணம் அல்ல. ஆகவே நான் மைனஸ் ஒன்று போடவில்லை. அப்போதுதான் அவருடைய மைனஸ் ஒன்று வந்தது. "வட்டு ஏன் நிரம்பியது என்று சாட்சியின் வரிகளில் தேடினேன், எழுதிய எனக்கே விளங்கவில்லை. தடத்தின் வரிகளில் உடனே விளங்கியது" என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டேன். "பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கிறீங்களா சார்?"

"பாவமா? மெயிலைக் கடைசிவரை படிச்சீயளா?"

படித்திருக்கவில்லை. கீழே தடத்தின் குறைகள் வரிசையாக, ஈவிரக்கமில்லாமல் அடுக்கப்பட்டிருந்தன.

"விட்டுக்குடுக்கவன் பூங்கொத்தோட வருவான். நான் குத்தப்பத்திரிக்கையோடல்லா வந்திருக்கேன்."

சாட்சி போய்த் தடம் நிலைத்தது. தோற்ற கருவியை எழுதியவர்கள் பொதுவாக மெல்ல விலகிவிடுவார்கள். இவர் தடத்தின் மிகக் கடுமையான வாசகராக மாறினார். துவாரகாவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபி ஆறுவது தெரியாமல் என் நிரலைப் படிப்பார். "'ஏதோ பிழை'ன்னு எழுதியிருக்கீய. டாக்டர் 'ஏதோ நோய்'னு சொன்னா பீஸ் குடுப்பீயளா?" தடம் இன்று நான் அறியாத ஊர்களிலும் ஓடுகிறது என்றால், அதன் தெளிவில் பாதி இந்தக் கேள்விகளால் வந்தது. இறந்தவர்களைப் புனிதர்களாக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. குறுக்கே பேசுவார், பிடித்த பிடியை எளிதில் விடமாட்டார். காரணம் காட்டினால் மட்டும் விட்டுவிடுவார். இந்த நகரத்தில் அப்படி நான் கண்டவர்கள் மிகக் குறைவு.

அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஒன்று மட்டும் பாக்கி. வட்டு நிரம்பினால் பழைய வரிகளைத் தடம் தானாகவே அழித்துக்கொள்ள வேண்டும், கவுண்டர் நிற்கக் கூடாது என்பது அவர் வாதம். பழையதை அழித்துவிட்டால் காரணத்தை எங்கே தேடுவது, அழிப்பதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என்னுடையது. கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இந்த வாரம் இளைஞர்கள் சிலர், அவர் நினைவாக அந்த மாற்றத்தைச் செய்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பிளஸ் ஒன்றுகள் மளமளவென்று விழுந்தன. நான் மைனஸ் ஒன்று போட்டேன். பழைய காரணத்தையே மீண்டும் எழுதினேன். ஒருவர் இறந்துபோனது அதற்கான பதில் ஆகாது. அப்படியொரு பிளஸ் ஒன்றை அவரே முதல் ஆளாக எதிர்த்திருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிக் குறையைத்தான். குழுவின் குறைப் பட்டியலில் அது அவர் பெயரில் இன்னும் தீராமல் திறந்தே இருக்கிறது. அவருடைய வாதத்துக்கு இன்னும் நல்ல காரணம் ஒன்று கிடைக்குமா என்று, இப்போது நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.