புஷ்பாவின் கண்ணில் இருந்த வளையம்

என் அக்கா வீரம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் புஷ்பலதா, அடுத்தவன் ரூபன். நான் அவர்களின் தாய்மாமன், மலேசியாவில் ஈப்போ பட்டணத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். புஷ்பாவைப் பற்றி ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்துவிட்டார்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

அவள் சாமியும் இல்லை, பைத்தியமும் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். சரியான வாயாடி. "மாமா, உங்க பஸ்ஸுக்கு முன்னாடி நான் நடந்தே போய்ச் சேர்ந்துருவேன் லா" என்று வம்புக்கு இழுப்பாள். அவள் இருந்தால் வீட்டில் வேறு யாருக்கும் பேச இடம் கிடைக்காது.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இன்று ரப்பர் மரமும் இல்லை, லயத்து வீடும் இல்லை, எங்கும் செம்பனைதான். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு எங்கெங்கோ இருக்கும் சனமெல்லாம் கூடிவிடும். அப்படி ஒரு திருவிழாவில் உறுமி முழங்கியபோது புஷ்பாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. "அம்மா வந்துட்டா!" என்று கத்தினார்கள். அக்கா காலில் விழுந்தாள், பெற்ற மகளின் காலில். உறுமி நின்றது, கூட்டம் கலைந்தது, பிள்ளையின் கை மட்டும் நிற்கவில்லை. அட, அதை ஒருத்தராவது யோசித்தார்களா?

அடுத்தடுத்த மாதங்களில் அவள் பேச்சு குழறியது. கையில் எடுத்ததெல்லாம் கீழே விழுந்ததால் வேலையும் போனது. வாய் பாதி திறந்து ஒரு சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம் தெரிந்தது. அது அம்மனின் ஒளி என்று சொல்லிக் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். புரியாத குழறலுக்கு அவர்களே அர்த்தம் சொல்லிக்கொண்டு போனார்கள். தினமும் காலையில் அக்கா செப்புக் குவளையில் ஊறவைத்த மஞ்சள் தண்ணீரைத் தீர்த்தமென்று மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

ஒரு நாள் புஷ்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வார்த்தை வர வெகுநேரம் ஆனது.

"மாமா... பயமா... இருக்கு."

நேரே அக்காவிடம் போனேன். "அக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றேன்.

"கிளினிக்ல சத்து மாத்திரை குடுத்தாங்கல்ல? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க தம்பி. பைத்தியம்னு பேரு வந்தா யாரு கட்டிக்குவா?"

"கட்டிக்கிறதுக்கு முதல்ல புள்ள இருக்கணும்ல!" என்று கத்திவிட்டு வந்தேன். பிறகு ஒரு மத்தியானம் கஞ்சி புரையேறி புஷ்பாவின் முகம் நீலம் பாரித்தபோதுதான் அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் பேருந்திலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் தக்ஷாயினி என்ற டாக்டர் பார்த்தார். கையைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், கண்ணில் விளக்கை அடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். இரத்தம், சிறுநீர், கண் பரிசோதனை எல்லாம் முடிந்தபின் எங்களை உட்கார வைத்தார்.

"சாப்பாட்டில இருக்கிற செம்பை இவவின்ர ஈரல் வெளியேற்றவில்லை அம்மா. அது மூளையிலயும் கண்ணிலயும் படிஞ்சிட்டுது, அந்த வளையம் அதுதான். அபூர்வமான வருத்தம். பிறவியிலயே வாறது."

அக்கா மெதுவாகக் கேட்டாள், "நான் செப்புக் குவளையில தண்ணி குடுத்தேனே?"

"அதால வந்ததில்லை. இனி வேண்டாம், அவ்வளவுதான். இது உங்கட பிழை இல்லை."

அக்கா காதில் அது விழவேயில்லை. "குணமாயிருமா?" என்றேன் நான். மருந்து இருக்கிறது, ஆனால் ரொம்பப் பிந்திவிட்டது என்றார் டாக்டர். கை நடுங்கத் தொடங்கியபோதே வந்திருந்தால் பிள்ளை நடமாடிக்கொண்டிருந்திருக்கும். பரம்பரையில் வருவது, தம்பிக்கும் இருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள் என்றார். ரூபன் பூப்பந்து ஆடிக்கொண்டு திரிந்த பையன். அவனுக்கும் இருந்தது. நல்லவேளை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயுசு முழுக்க மாத்திரை விழுங்கினால் போதும்.

புஷ்பாவுக்கு மருந்து ஓரளவு நடுக்கத்தை அடக்கியது, பேச்சு திரும்பவில்லை. ஆனால் மாத்திரை நேரத்தை அவள் மறக்கவே மாட்டாள். டப்பாவை மேசைமேல் தம்பி பக்கம் தள்ளித் தள்ளி விடுவாள். அவன் விழுங்கும்வரை பார்வையை எடுக்க மாட்டாள். தீபாவளிக்கு முன்னால் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டாள், என் தங்கம். அந்த வாய்க்கு எத்தனை பேச்சு மிச்சம் இருந்ததோ.

இந்த வருடத் திருவிழாவில் ரூபன் பால்குடம் எடுத்தான். கோயில் வாசலில் உறுமி உச்சத்துக்குப் போனபோது குடத்தைப் பிடித்திருந்த அவன் கைகள் லேசாக நடுங்கின. பக்கத்தில் யாரோ, "அம்மா வந்துட்டா!" என்றார்கள்.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அவன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள்.

"வரல! யாரும் வரல! டேய், மருந்து போட்டியா?"

உறுமி நின்றுவிட்டது.

"போட்டேன்மா. குடம் கனக்குதும்மா, அதான்."

அக்கா அவன் கண்களையே மாறி மாறிப் பார்த்தாள். கையை விடவில்லை. சன்னதிவரை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள்.