ஈரக் காலடி மர்மத்தை நான் துப்பறிந்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கினேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பூசம் போகும், பங்குனி உத்திரம் வரும், அதுவும் போகும். முருகன் செய்த நன்மையைச் சொல்ல என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். அவன் செய்ததைச் சொல்ல ஒரு தயக்கமும் இல்லை. அதோடு சேர்த்து நான் எப்பேர்ப்பட்ட அறிவாளியாக நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போதுதான் பேனா நின்றுவிடும்.

நான் தாராபுரம் பக்கம் பத்தாவது வரைக்கும் படித்தவள். கல்யாணமாகி டெக்சாஸில் சுகர் லேண்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் மூன்றாவது முறை உண்டாகியிருந்தேன். முதல் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது. இந்த முறை ஐந்தாம் மாதமே டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "இடதுபக்கம் சாய்ந்து படுத்துக்கொள், குளியலறைக்குப் போவதைத் தவிர எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டார். பழனிக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டு படுத்தேன்.

வீட்டுக்காரர் ஹாலில் கட்டிலைப் போட்டார். கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர், பழம், முருகன் படம், போன் எல்லாம் வைத்தார். எனக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு சின்ன மேசையில் கம்ப்யூட்டரையும் வைத்தார். வந்தது வினை.

அப்போது சென்னைத் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை ஒரு மர்ம நாடகம் ஓடியது. வற்றிப்போன தெப்பக்குளம் ஒன்று. அமாவாசை தோறும் விடியற்காலையில் அந்தக் காய்ந்த குளத்தின் படியிலிருந்து ஈரக் காலடிகள் கிளம்பி ஒரு பெரிய வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிடும். யார் நடக்கிறார்கள்? அதுதான் கதை. அந்த வீட்டு மருமகள் மாசமாக இருப்பாள்.

அமெரிக்காவில் அந்த நாடகத்துக்குப் பைத்தியமானவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு குழு வைத்திருந்தார்கள். 'லிஸ்ட்' என்பார்கள். ஒருவர் எழுதினால் எல்லார் பெட்டிக்கும் போகும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்கள். ஆரம்பத்தில் ஒரு வரி புரிய நான் அதைப் பாராயணம் மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

லிஸ்டை நடத்தியவர் நியூஜெர்சியில் பார்சிப்பனியில் இருந்த ஒரு பாய். கீழக்கரைப் பக்கத்துக்காரர். சென்னையில் அவர் மச்சான் நாடகத்தைப் பதிவுசெய்து, வருகிறவர் போகிறவர் பெட்டியில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார். இந்தியக் கேசட் அமெரிக்க மெஷினில் ஓடாது. பாயிடம் இரண்டும் ஓடுகிற மெஷின் இருந்தது. அவர்தான் மாற்றிப் பதிந்து டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் தபாலில் அனுப்புவார். முதலில் பார்ப்பது அவர். பார்க்காதவர்கள் மனம் நோகக் கூடாது என்று லிஸ்டில் ஒரு வழக்கம் இருந்தது. கதையைச் சொல்வதற்கு முன்னால் 'திரை, திரை, திரை' என்று பக்கம் நிறைய எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். சாமிக்கு அலங்காரம் நடக்கும்போது திரை போடுகிறோமே, அதே மாதிரி.

கலிபோர்னியாவில் சான் ஓசேக்காரர் ஒருவர் இருந்தார். சிப் டிசைன் பண்ணுகிற எஞ்சினியர். யார் எதைச் சொன்னாலும் மறுப்பார். ஈரக் காலடி பேயுமில்லை, சாமியுமில்லை, வீட்டு நிலத்துக்கு ஆசைப்பட்டு சித்தப்பாதான் ஆள் வைத்து நடக்க விடுகிறார் என்று முதல் வாரமே எழுதிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. குளத்து அம்மன்தான் மருமகளைக் காக்க நடக்கிறாள் என்று பதில் எழுதினேன். 'அம்மனுக்கு ஏன் அக்கா ஆம்பளை செருப்பு சைஸ்?' என்று கேட்டார். அம்மனின் பாதத்துக்கு அளவு கிடையாது என்று எழுதினேன். அவருக்குப் பதில் சொல்வது எனக்கு மாத்திரைக்கு அடுத்த வேலை ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஓடினால் போன் ஓடாது. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், லைன் கிடைக்கவே இல்லை. மனுஷர் எதை எதையோ நினைத்துக்கொண்டு மீட்டிங்கிலிருந்து எழுந்து, ஃப்ரீவேயில் பறந்து வந்து கதவைத் திறந்தார். நான் இடதுபக்கம் சாய்ந்தபடி ஒற்றை விரலால் அம்மன் பாதத்தின் மகிமையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் அவரிடம், "கொஞ்சம் இருங்க, இந்த வரிய முடிச்சுக்கறேன்" என்றேன். அப்படிப்பட்ட பதிவிரதை.

ஆறாம் மாதம் பிறந்ததும் எனக்கு ஒரு நினைப்பு பிடித்துக்கொண்டது. நாடகத்து மருமகளுக்கும் எனக்கும் ஒரே மாசம். அவள் நல்லபடியாகப் பெற்றால் நானும் பெறுவேன். அவளுக்கு ஏதாவது ஆனால்? அதை நினைத்தாலே முருகன் படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வேன். முருகனைக் கும்பிடுகிறவள் டி.வி. நாடகத்தில் போய் சகுனம் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் லிஸ்டிலும் எழுதினேன்: எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை, இப்போது படுக்கையில் இருக்கிறேன், அவள் பிழைத்தால் நானும் என் பிள்ளையும் பிழைப்போம், எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இல்லாத பெண்ணுக்கு வேண்டுதல் கேட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம் பாயிடமிருந்து கேசட் வரவில்லை. மெஷின் கேசட்டை மென்றுவிட்டது, ரிப்பேர் ஆகிறவரை மச்சானிடம் போனில் கேட்டு நானே கதையை எழுதிவிடுகிறேன் என்று லிஸ்டில் அறிவித்தார். வாரா வாரம் எழுதினார். மருமகள் பால் குடித்தாள். மருமகள் இடதுபக்கம் சாய்ந்து தூங்கினாள். மாமியார் அவளுக்குக் கால் பிடித்துவிட்டார். ஈரக் காலடி வாசல் வரை வந்தது, அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மர்ம நாடகத்தில் மர்மமாக ஒன்றும் நடக்கவில்லையே என்று வேறு யாராவது இருந்தால் யோசித்திருப்பார்கள். நான் இயக்குநரின் ஆழத்தை வியந்து எழுதினேன்.

அதைவிட ஆச்சரியம் சான் ஓசேக்காரர். 'அக்கா, யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றதுதான் கரெக்ட். அம்மனாத்தான் இருக்கணும்' என்று எழுதினார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு தேவைப்படவில்லை. பத்தாவது படித்தவளிடம் எஞ்சினியர் தோற்றுவிட்டார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு, "ஆமா, பக்தி இருந்தா மூளையும் தன்னால வரும்" என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவரே இல்லை. அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வளைகாப்பு வாரம் வந்தது. பாய் நீளமாக எழுதியிருந்தார். வளையல், சந்தனம், பூ எல்லாம் வந்தது. கடைசியில், 'வந்தவர்கள் எல்லாரும் வயிறாரக் கறிச்சோறு சாப்பிட்டுப் போனார்கள்' என்று முடித்திருந்தார். நான் நிமிர்ந்து உட்காரப் பார்த்தேன், டாக்டரம்மா ஞாபகம் வந்து மறுபடி படுத்தேன். நாடகத்துக் குடும்பம் சுத்த சைவம். வெங்காயம்கூட அளந்து போடுகிற வீடு. அங்கே கறிச்சோறா? அன்றைக்கு என் மூளை ஓடிய வேகத்தில் வேறு யாருடையதும் ஓடியிருக்காது. 'அந்த வீட்டுக்குள் வேற்று ஆள் ஒருவர் புகுந்திருக்கிறார். சமையல்காரர் வேஷத்தில் இருக்கிறார். இயக்குநர் சாப்பாட்டின் வழியாக நமக்குக் குறிப்புக் கொடுக்கிறார்' என்று பெரிய கட்டுரை எழுதினேன். லிஸ்ட் முழுக்கப் பாராட்டு வந்து குவிந்தது. நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லையே அக்கா என்றார்கள். பாய் மட்டும் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

இடையில் ஒருநாள் லிஸ்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அந்த மருமகள்தான் எப்போதோ செத்துவிட்டாளே, இன்னும் என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதினார். நான் விடவில்லை. 'தம்பி, நாடகத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இங்கே விவரமானவர்கள் இருக்கிறோம்' என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் அவரிடமிருந்து பதில் வந்தது: மன்னிக்கணும் அக்கா, வேறொரு நாடகத்தோடு குழப்பிக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிச் சில நாளில் வலி கண்டது. பெண் பிறந்தாள். சின்னதாக இருந்தாள், ஆனால் அழுத அழுகையில் தாதியே சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். லிஸ்டில் செய்தி போட்டது அவர்தான்.

குழந்தைக்குப் பேர் வைத்த பிறகு ஒருநாள் நியூஜெர்சியிலிருந்து பெரிய பார்சல் வந்தது. வீட்டுக்காரர் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பாய் விட்டுப்போன எல்லாக் கேசட்டையும் அனுப்பியிருக்காரு. பாக்கறதும் பாக்காததும் உன்ர இஷ்டம்."

என் துப்பு எப்படி ஜெயித்தது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடி போடச் சொன்னேன். முதல் காட்சியிலேயே மருமகள் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். இது கனவுக் காட்சி என்று அவருக்கு விளக்கினேன். பாடை கட்டினார்கள். நீளமான கனவு என்றேன். கருமாதி நடந்தது. அவள் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள். அப்போதுதான் என் வாய் நின்றது. குனிந்து குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இவ எப்பச் செத்தா?"

"உனக்கு ஆறாம் மாசம் நடக்கறப்ப."

"பாய்க்குத் தெரியுமா?"

"அவருதான் மொதல்ல பாத்தது. பாத்த கையோட என்ர ஆபீசுக்குப் போன் பண்ணுனாரு. கர்ப்பிணிகிட்ட இதைச் சொல்லப்படாதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. நான் சரின்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அந்த சான் ஓசேக்காரருக்கு?"

"கலிபோர்னியா முழுக்கத் தெரியும் அம்மிணி. தாராபுரத்துல உங்கம்மாவுக்கும் தெரியும்."

உண்மையான கதையைப் பேச அவர்கள் தனியாக இன்னொரு லிஸ்ட் வைத்திருந்தார்களாம். அங்கே அடித்துக்கொள்வார்களாம். பிறகு எனக்காக இந்தப் பக்கம் வந்து, அவள் பால் குடித்தாள், தூங்கினாள் என்று ஒற்றுமையாகப் பேசிக்கொள்வார்களாம்.

பாய்க்குப் போன் போட்டேன். கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல், "பொய் சொல்றது பாவமில்லீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"பாவந்தான் தங்கச்சி. ஒவ்வொரு வாரமும் எழுதி முடிச்சதும் தொழுகையில மன்னிப்புக் கேட்டுக்குவேன். எழுதாமயும் இருக்க முடியல. சைவ வீடுங்கறத மறந்து எங்க வீட்டு விசேஷம் மாதிரி எழுதிப்புட்டேன். நீங்க அதப் புடிச்சதும் எனக்கு உசிரே போயிருச்சு. பொண்டாட்டி திட்டுன திட்டு இன்னும் காதுல நிக்குது."

மீதிக் கேசட்டுகளை நாலு நாளில் பார்த்து முடித்தேன். ஈரக் காலடி சித்தப்பாவின் ஆள்தான். நிலத்துக்காகத்தான். சான் ஓசேக்காரர் முதல் வாரம் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. எதிலும் விட்டுக்கொடுக்காத அந்த மனுஷர், தான் ஜெயித்தது தெரிந்த பிறகும், மூன்று மாசம் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பூஜையில் அவர் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். பாய்க்காகவும் வேண்டிக்கொண்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இந்தக் கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் இங்குள்ள கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரு பெண், நான் யாரென்று தெரியாமல், எனக்கே இதைச் சொன்னாள். அவள் சொன்னபடி, படுக்கையில் கிடந்த கர்ப்பிணிக்கு முருகனே பாய் ரூபத்தில் ஈமெயில் அனுப்பினானாம். அவள் வீட்டுக் கார்ப்பெட்டில் விடிகாலையில் ஈரக் காலடி விழுந்திருந்ததாம். அந்தக் கர்ப்பிணி ஞானதிருஷ்டியால் கதையின் முடிவை முன்கூட்டியே சொன்னாளாம். நான் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, "அப்படீங்களா" என்றேன். எங்கள் கார்ப்பெட்டில் ஆரஞ்சுச் சாறு தவிர வேறு ஈரம் பட்டதில்லை.

என் மகள் பிழைத்தது முருகன் அருள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னைப் பயமில்லாமல் படுக்கவைத்தது, முகம் தெரியாத மனுஷர்கள் வாரா வாரம் உட்கார்ந்து சிரமப்பட்டுச் சொன்ன பொய். பாய் பாயாகவே இருந்தார். சான் ஓசேக்காரர், எனக்காகத் தோற்ற அந்த மூன்று மாசம் போக, சாமி இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் கூடச் சேர்க்க வேண்டாம், நடந்ததே எனக்குப் போதும். நான் முட்டாளான இடங்களை மரியாதைக்காக விட்டுவிடவும் வேண்டாம். அவற்றை எடுத்துவிட்டால் அவர்கள் செய்தது என்ன என்று யாருக்கும் விளங்காது.