முகூர்த்தத்துக்கு முந்தின ரிவ்யூ

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமைப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிற ரிவ்யூ வேலையை ஆபீஸில் என் தலையில் கட்டியதற்கு அதுதான் காரணம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். எண்பதுகளின் பிற்பாதி அது. தில்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸ், அதில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதைச் சுற்றி நாங்கள் கொஞ்சம் பேர். மடிப்பு மடிப்பாக வரும் பிரிண்ட்அவுட்டை சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குச் சுமந்துகொண்டு போய், சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். படித்து முடித்ததை அம்மா எடுத்துப்போய் மாடியில் விரித்து வடாம் பிழிவாள். ஒரு வருஷம் என் சிவப்பு மை அத்தனையும் வடாமில் ஏறிவிட்டது. அப்பா ஒரு வடாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல என்ன தப்புன்னு சுழிச்சிருக்கே?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வந்தது ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவர். கார்டு என்பது ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு கேபிள் வழியாகப் பேச வைக்கிற அட்டை. கெர்னல் என்பது மெஷினுக்குள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ப்ரோக்ராம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தகவலை வாங்கிக் கொடுப்பது டிரைவர். அதில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் மொத்த மெஷினும் படுத்துவிடும். படுத்தது. காலையில் ஜோராக ஓடும். சாயங்காலத்துக்குள் அசையாமல் நின்றுவிடும்.

எழுதியவன் திருநெல்வேலிக்காரன், முனிர்காவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அவனுக்குத் தை மாதம் ஊரில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. லீவுதான் கிடைக்கவில்லை. எங்கள் டைரக்டர் சாப் பஞ்சாபி. மனசு தங்கம், வாய் தகரம். "பஹலே ரிவ்யூ பாஸ், ஃபிர் ஷாதி", முதலில் ரிவ்யூ, அப்புறம்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். ஆக, அவன் கழுத்தில் மாலை விழுமா விழாதா என்பது என் கையெழுத்தில் வந்து நின்றது.

"மேடம், கையெழுத்தப் போட்டுருங்க. கல்யாணம் முடிஞ்சு வந்து நான் பாத்துக்கிடுதேன்" என்பான்.

"மாட்டேன்."

"அக்கா..."

"அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. மெஷின் ஏன் நிக்கறதுன்னு சொல்லு."

அவனுக்கும் தெரியவில்லை. நான் வரி வரியாகப் படித்தேன். எல்லா வரியும் சரியாகவே இருந்தது. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. எங்கேயாவது ஒரு முட்டாள்தனம் கண்ணில் பட்டால் அவனைத் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

குளிர்காலத்தில் தில்லி ஆபீஸ்களெல்லாம் மதியம் வெளிப் புல்தரைக்குக் குடிவந்துவிடும். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் ஒரு பக்கம், சீட்டாடுகிறவர்கள் ஒரு பக்கம், வெயிலில் முகத்தை ஃபைலால் மூடித் தூங்குகிறவர்கள் ஒரு பக்கம். நாங்களும் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அவன் கடலையை உரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நீதான் கார்டு, நான் டிரைவர்" என்று சொல்லி, கான்டீன் சாஸர்களை வட்டமாக வைத்தேன். "வெளியிலேர்ந்து தகவல் வந்தா ஒரு சாஸர்ல ஒரு கடலையைப் போட்டுட்டு என்னைக் கூப்பிடு. நான் எடுத்துக்கறேன். நீ எழுதி வெச்சிருக்கறபடியே ரெண்டு பேரும் செய்யணும். ஒரு அட்சரம் மாறப்படாது."

"கார்டு ஒரு தடவைதான் கூப்பிடும் மேடம். நீங்க வந்து எடுத்தாத்தான் அடுத்தாப்ல கூப்பிடும்."

"சரிதான், மாப்பிள்ளை முறுக்கு" என்றேன்.

கடலை எடுக்கிற நேரத்தில் டிரைவர் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தான். நடுவில் இன்னொரு கூப்பாடு வந்து வேலையைக் கெடுக்கக்கூடாதில்லையா? கையால் காதை மூடினால் எப்படி எடுப்பது? மஃப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியும் கேட்டது. அதனால் எடுக்கும்போதெல்லாம் "லாலாலாலா" என்று உரக்கக் கத்திக்கொண்டே எடுத்தேன். எல்லா சாஸரும் காலியானதும் மஃப்ளரை அவிழ்த்து, கத்தலை நிறுத்திவிட்டு, அடுத்த கூப்பாட்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவேன். சீட்டாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஃபைலுக்கடியில் தூங்கினவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஆரம்பித்துவிட்டேனே, வீம்பு!

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திடீரென்று அவன் குரலையே காணோம். நான் காத்திருந்தேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"தூங்கறியா? கூப்பிடேன்!"

"கூப்பிட்டேம்லா! நீங்கதான் எடுக்கல" என்று சாஸரைக் காட்டினான். அதில் ஒரு கடலை இருந்தது.

"எப்போ கூப்பிட்டே?"

"எல்லாத்தையும் எடுத்திட்டு மஃப்ளர அவுக்கப் போனீங்கள்லா, அதுக்கு முன்னால."

நான் காலி என்று பார்த்தாகிவிட்டது. காதைத் திறப்பதற்குள் அவன் ஒன்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டும் விட்டான். இனி அவன் கூப்பிட மாட்டான், கூப்பிடாமல் நான் எடுக்க மாட்டேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ, ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் இப்படியே உக்காந்திருப்போமே!"

"அதைத்தான்டா உன் மெஷின் பண்றது" என்று நான் கத்திய கத்தலில், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் கண்ணியைத் தவறவிட்டாள்.

மருந்து சுலபம். காதைத் திறந்த பிறகு சாஸர்களை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். மாற்றினான். அன்று சாயங்காலம் மெஷின் நிற்கவில்லை, மறுநாள் சாயங்காலமும் நிற்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன், அவனுக்கு லீவு கிடைத்தது. கிளம்பும்போது என்ன சொன்னான் தெரியுமா? "நின்னு போச்சுன்னா ஒரு தந்தி அடிங்கக்கா. மணவடையில இருந்தாலும் எந்திச்சு வந்துருதேன்."

"உதைப்பேன், போ" என்றேன். ஆனால் இவன் சொன்னால் செய்கிற ஜாதி என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மெஷின் நின்றது. டைரக்டர் சாப் குதித்தார். 'மெஷின் நின்றுவிட்டது, உடனே வா' என்று அவரே எழுதி, "பாஸ் போட்டது நீதானே, நீயே போய்த் தந்தி கொடு" என்று என் கையில் திணித்தார். தந்தி ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன். முகம் தெரியாத ஒரு பெண் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவன் பாட்டுக்குக் காலையில் எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவான். போதும் போ என்று சாப் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவருக்கு ரசீது காட்ட வேண்டுமே என்று, 'ஓடிக்கொண்டிருக்கிறது, வர வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். "கல்யாண வீடா பெஹன்ஜி? வாழ்த்துன்னா நம்பர் போட்டாலே போதுமே" என்றார் கவுண்டர்காரர். வழக்கமான வாழ்த்து வாக்கியங்களுக்கெல்லாம் தந்தி ஆபீஸில் ஆளுக்கொரு நம்பர் உண்டு. இந்த வாழ்த்துக்கு அவரிடம் நம்பர் இல்லை என்றேன்.

பயம் அதற்கப்புறம்தான் வந்தது. தினம் காலையில் சாப் "ஆயா?", வந்துவிட்டானா என்று கேட்பார். "ரயில்ல இருக்கார் சாப்" என்பேன். எந்த ரயில் அவ்வளவு நாள் ஓடும்? மறுபடி பிரிண்ட்அவுட்டும் கையுமாக உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால், வெள்ளையடிக்க வந்தவர்கள் அன்றைக்குக் கேபிளைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார்கள். தகவலை அனுப்பிவிட்டு 'போய்ச் சேர்ந்தது' என்று கார்டு சொல்வதற்காக டிரைவர் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அந்த மகானுபாவன் எழுதவே இல்லை, படித்த எனக்கும் உறைக்கவில்லை. குறை மட்டும் சொல்ல வேண்டியவள், நானே உட்கார்ந்து அந்த வரிகளை எழுதிச் சேர்த்தேன். ஓடியது. சாப் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சலோ" என்று சொல்லி டீ வரவழைத்தார்.

லீவு முடிவதற்கு முன்னால் அவன் புதுப் பெண்டாட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாகக் கல்யாணக் கதைதான். முகூர்த்தத்துக்கு நேரமிருக்கிறதே என்று பெண்ணின் மாமா மைக்கில் வாழ்த்துத் தந்திகளை வாசித்தாராம். அந்த வரிசையில் என்னுடையதையும் எடுத்து, "நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, வர வேண்டாம்" என்று ஏற்ற இறக்கத்தோடு தமிழ்ப்படுத்தி, கீழே ஒரு பொம்பிளைப் பெயரையும் வாசித்திருக்கிறார். மெஷின் ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறான். டெல்லியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் என்று பெண் வீட்டார் முடிவுகட்டிவிட்டார்கள். கார்டு, கெர்னல் என்று அவன் சொன்னதை யார் நம்புவார்கள்? பெண்தான், "இம்புட்டு அழுகை அழுதாக, பொய்யா இருக்காது. தாலியக் கட்டச் சொல்லுங்க" என்றாளாம்.

அவன் என் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் காலி டம்ளரோடு சமையலறைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, அன்னைக்கு நெசமாவே ஓடுச்சா?" என்று கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லைம்மா. நின்னு போயிருந்தது" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "அவுககிட்ட சொல்லிராதீங்க. இப்பமே எந்திச்சு ஆபீஸுக்கு ஓடிருவாக."

"திங்கட்கிழமை போனா நான் சேர்த்த வரியை அவனே பார்த்துடுவானே."

"திங்கட்கிழமை பாக்கட்டும்க்கா. நாளைக்கு எனக்குக் குதுப்மினார் காட்டுதேன்னு சொல்லியிருக்காக."